உங்களுக்குத் தெரியுமா? ராத்திரியில் பாதியாகும் நயாகரா!

ஒரு சுற்றுலாத் தலத்தின் உயரம், நீளம், கட்டிய மன்னர் பெயர் எல்லாம் வழிகாட்டிகள் மனப்பாடமாக ஒப்பிப்பவை. நாம் இந்த முறை முன்வாசலை விட்டுவிட்டு, கொல்லைப்புறம் வழியாகப் போவோம்.

அருவிக்கும் ஷிஃப்ட் உண்டு

நயாகரா அருவி எவ்வளவு கொட்ட வேண்டும் என்பதை ஓர் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 1950-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. சுற்றுலாப் பருவத்தில் பகல் வேளையில் விநாடிக்குக் குறைந்தது 28 லட்சம் லிட்டர் தண்ணீர் விழ வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் பாதி வரை ‘பகல்’ என்றால் காலை 8 முதல் இரவு 10 மணி வரை. இரவிலும், குளிர்காலம் முழுக்கவும் அதில் பாதி விழுந்தால் போதும். மிச்சத் தண்ணீரை அருவிக்கு மேலேயே மடக்கி, சுரங்கங்கள் வழியாக நீர்மின் நிலையங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் ஹோட்டல் ஜன்னலில் நின்று பார்ப்பவர் அரை நயாகராவைத்தான் பார்க்கிறார்.

இதில் அருவிக்கும் லாபம் இருக்கிறது. தண்ணீர் விழ விழ உச்சிப் பாறை உடைந்து, அருவி பின்னால் நகர்ந்துகொண்டே போகும். கடந்த 12,000 ஆண்டுகளில் அது நகர்ந்த தூரம் சுமார் 11 கிலோமீட்டர். தண்ணீரைக் குறைத்த பிறகு அந்த வேகம் வெகுவாகத் தணிந்துவிட்டது.

1848 மார்ச் கடைசியில் நயாகரா தானாகவே நின்றுபோனது. ஈரி ஏரியின் பனிக்கட்டிகள் காற்றில் அடித்துவரப்பட்டு ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டதுதான் காரணம். ஊரே பீதியில் தேவாலயத்துக்கு ஓடியது. துணிச்சல்காரர்கள் மட்டும் காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, 1812-ல் தொடங்கிய போரில் விழுந்து கிடந்த துப்பாக்கிகளையும் துப்பாக்கிமுனை ஈட்டிகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாளுக்கும் மேல் கழித்து அடைப்பு உடைந்தது.

1969-ல் நடந்தது மனிதர் வேலை. அமெரிக்கப் பக்கத்து அருவியின் அடியில் குவிந்திருந்த பாறைகளை அப்புறப்படுத்தலாமா என்று பார்க்க, ராணுவப் பொறியாளர்கள் குறுக்கே அணை போட்டு அதைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தார்கள். அருவியில்லாத அருவியைப் பார்க்கவும் கூட்டம் வந்தது! கடைசியில் பாறைகளை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

இருபதே வருடத்துக்கு ஒரு கோபுரம்

ஈஃபிள் கோபுரம் 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக நின்றது. அந்த இடத்தில் இருக்க அதற்குக் கிடைத்த அனுமதி 20 ஆண்டுகள். 1909-ல் பிரித்துப்போட வேண்டியது. கட்டும்போதே எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து கண்டன அறிக்கை விட்டிருந்தார்கள், மாப்பசானும் அதில் ஒருவர். ஆகவே பிரித்தால் அழுவதற்கு ஆள் குறைவு.

குஸ்தாவ் ஈஃபிள் கெட்டிக்காரர். வானிலை நோக்க, காற்றின் விசையை அளக்க என்று கோபுரத்துக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். கம்பியில்லாத் தந்திதான் கடைசியில் கைகொடுத்தது. இவ்வளவு உயரத்தில் ஓர் ஆண்டெனா ராணுவத்துக்கு வேறெங்கே கிடைக்கும்? 1910-ல் அனுமதி மேலும் 70 ஆண்டுகளுக்கு நீண்டது.

1925-ல் இதையே பழைய இரும்புக்கு ‘விற்ற’ ஆசாமியும் உண்டு. விக்டர் லுஸ்டிக் என்ற எத்தன், அரசு அதிகாரி போல நடித்து, காயலான் கடைப் பெரும்புள்ளிகளை ஆடம்பர ஹோட்டலுக்குக் கூப்பிட்டுப் பேரம் பேசினான். ஏமாந்தவர் வெட்கத்தில் போலீசுக்கே போகவில்லை என்பதால், அவன் திரும்பி வந்து மறுபடியும் விற்கப் பார்த்தான்.

இன்னொன்று. பகலில் எடுத்த ஈஃபிள் படத்தை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், வடிவமைப்பின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது. அந்தப் படத்தை வணிக நோக்கில் அச்சிட அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை.

சுதந்திர தேவியின் கை

நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குள் இருக்கும் இரும்பு எலும்புக்கூடும் இதே ஈஃபிள் நிறுவனத்தின் கைவண்ணம்தான். மேலே போர்த்தியிருப்பது செப்புத் தகடு. 1886-ல் திறந்தபோது சிலையின் நிறம் செம்பழுப்பு. காற்றில் களிம்பேறி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சையானது. அந்தக் களிம்புதான் இன்று செம்பைக் காப்பாற்றுகிறது.

தீபம் ஏந்திய கைக்குள் ஒருகாலத்தில் ஏறிப் பார்க்க முடிந்தது. 1916-ல் எதிரே இருந்த வெடிமருந்துக் கிடங்கை ஜெர்மானிய நாசகாரர்கள் தகர்த்தபோது சிலையும் அடிபட்டது. அன்று பூட்டிய தீபம் பயணிகளுக்கு இன்னும் திறக்கவில்லை.

நிமிர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை

பைசா கோபுரத்தைக் கையால் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. நிஜமாகவே தாங்கியவர்கள் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

1173-ல் கட்டத் தொடங்கி மூன்றாவது தளம் வந்தபோதே ஒருபக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அடியில் இளகிய களிமண். நல்லவேளையாகப் போர்கள் வந்தன, வேலை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றது. அதற்குள் மண் இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும் என்பது பொறியாளர்கள் கணக்கு. பிறகு வந்த கொத்தர்கள் மேல் தளங்களைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக நிமிர்த்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு லேசாக வளைந்தும் இருக்கிறது. அடுத்த முறை படம் பார்க்கும்போது கவனியுங்கள்.

1934-ல் முசோலினி ஆட்சியில் அஸ்திவாரத்துக்குள் சிமென்ட் கலவையைச் செலுத்தி வைத்தியம் பார்த்தார்கள். சாய்வு கூடியதுதான் மிச்சம். 1989-ல் இத்தாலியின் பாவியா நகரில் வேறொரு பழைய கோபுரம் முன்னறிவிப்பே இல்லாமல் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடிவிட்டார்கள்.

உலகப் பொறியாளர்கள் கூடி யோசித்த பிறகு பலித்த வழி மிக எளிமையானது. சாய்ந்த பக்கத்தைத் தூக்கிவிடாமல், உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். கோபுரம் தானே அந்தப் பக்கம் அமர்ந்துகொண்டது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருந்த சாய்வு அது. அதற்கு மேல் நிமிர்த்தியிருந்தால் பைசாவுக்கு யார் போவார்கள்? 2001 டிசம்பரில் மறுபடியும் திறந்தார்கள்.

அதே ஊரில் சான் நிக்கோலா தேவாலயத்தின் மணிக்கூண்டும் சாய்ந்துதான் நிற்கிறது. மண் ஒரே மண்தானே. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

‘நானும் வந்தேன்’ – கி.பி. 130

சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்தை நம்மவர்கள் கண்டுபிடித்ததாக ஒரு மனக்குறை நமக்கு உண்டு. எகிப்துக்குப் போனால் அது தீர்ந்துவிடும்.

லக்சர் நகரின் மேற்குக் கரையில் மூன்றாம் ஆமென்ஹோடெப் மன்னனின் இரண்டு பிரம்மாண்டச் சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. 3,300 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. கி.மு. 27 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் ஒரு சிலை விரிசல் விட்டது. அதன்பிறகு விடியற்காலையில் அதிலிருந்து ஓர் ஒலி எழும்பியதாம். இரவு ஈரம் வெயிலில் காயும்போது கல் எழுப்பிய சத்தம் என்பது பொதுவான விளக்கம். கிரேக்கரும் ரோமரும் அதைப் புராண வீரன் மெம்னோனின் குரல் என்று நம்பி, கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி வந்தார்கள். கேட்டவர்கள் கேட்டேன் என்று சிலையின் காலிலேயே பொறித்துவிட்டுப் போனார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட பொறிப்புகள் அங்கே இருக்கின்றன.

கி.பி. 130-ல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மனைவியோடு வந்தார். கூட வந்த ஜூலியா பால்பில்லா என்ற கவிஞர் நான்கு பாடல்களை அந்தக் காலில் வெட்டவைத்தார். முதல் நாள் சிலை வாய் திறக்கவில்லை என்ற செய்தி அவற்றிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. பேரரசர் வந்தாலும் கல்லுக்கு என்ன? பின்னாளில் செவெரஸ் என்ற பேரரசர் சிலையைப் பழுது பார்த்துவிட, அதோடு குரல் நின்றதாகச் சொல்வது வழக்கம்.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கையின் சிகிரியா இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை எழுப்பிய குன்று. அங்குள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வந்துபோனவர்கள், மேலே தீட்டியிருக்கும் பெண்களின் ஓவியங்களைப் பார்த்துக் கிறங்கிப் பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956-ல் பதிப்பித்தார். சிங்கள இலக்கிய வரலாற்றுக்கு அவை பெரும் புதையல். 2015-ல் அதே சுவரில் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி பொதுமன்னிப்பு கொடுத்து விடுவித்தார். இரண்டு செய்தியையும் அருகருகே வைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் இன்று தினமும் வரும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கீறல் என்றால் பழைய பாடல் எதுவும் மிஞ்சாது.

பெரு நாட்டின் மச்சு பிச்சுவை 1911 ஜூலையில் ‘கண்டுபிடித்தவர்’ ஹைராம் பிங்ஹாம் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. அவர் அங்கே போனபோது சில உழவர் குடும்பங்கள் அந்தப் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. வழிகாட்டிச் சென்றது அங்கிருந்த ஒரு சிறுவன். போதாததற்கு, கோயில் சுவர் ஒன்றில் கரியால் எழுதிய ‘லிசராகா, 1902’ என்ற பெயர் வேறு கண்ணில் பட்டது. ஒன்பது வருடம் முன்பே வந்துபோன உள்ளூர்க்காரர் அகுஸ்தின் லிசராகா. தன் நாட்குறிப்பில் அவர்தான் கண்டுபிடித்தவர் என்று குறித்துக்கொண்ட பிங்ஹாம், பின்னாளில் எழுதிப் புகழ்பெற்ற புத்தகத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டார்.

மூச்சுக் காற்றே விஷம்

பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களை 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் தற்செயலாகப் பார்த்தார்கள். ஏறக்குறைய 17,000 ஆண்டு பழமையான காளைகளும் குதிரைகளும் மான்களும். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்ததும் நாளொன்றுக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். அத்தனை பேரும் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரில் பாசியையும் வெண்படிவத்தையும் வரவழைத்தன. 17,000 ஆண்டு தாங்கிய ஓவியம் 15 ஆண்டுச் சுற்றுலாவைத் தாங்கவில்லை. 1963-ல் மூடிவிட்டார்கள்.

இன்று லாஸ்கோ போகிறவர்கள் பார்ப்பது நகல். 1983-ல் அசல் குகைக்குப் பக்கத்திலேயே ஒன்று, 2016-ல் முழுக் குகையையும் அச்சடித்தது போல இன்னொன்று. நடுவில் செய்த ஒரு நகல் கண்காட்சியாக நாடு நாடாகச் சுற்றுகிறது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறைக்கும் 2014 முதல் நகல் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற நிபுணராக இல்லாவிட்டால், நகலைப் பார்ப்பதில் நமக்கு ஒரு குறையும் இல்லை என்பேன். அங்கே நிதானமாக நிற்கவாவது விடுவார்கள்.

நெடுஞ்சுவரில் கஞ்சி

நம் ஊர்க் கொத்தர்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த மாதிரி, மிங் மன்னர் காலத்தில் சீனர்கள் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தார்கள். சீனப் பெருஞ்சுவரின் சில பகுதிகள் அந்தக் கலவையில் நிற்கின்றன. விண்வெளியிலிருந்து சுவர் தெரியும் என்ற கதையை 2003-ல் போய்வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லீவெய்யே மறுத்துவிட்டார். நமது ஜெனரல் நாலெட்ஜ் புத்தகங்களுக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை.

சினிமா கெடுத்த கடற்கரை

தாய்லாந்தின் மாயா வளைகுடா 2000-ல் வந்த ‘த பீச்’ படத்தால் பேர் வாங்கியது. படப்பிடிப்புக்காக மணல்மேட்டைக் கலைத்துத் தென்னை நட்டதில் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. படம் வந்த பிறகு அந்தச் சின்ன வளைகுடாவுக்கு ஒரே நாளில் 5,000 பேர் வரை வந்திறங்க, படகுகளும் நங்கூரங்களும் பவளப்பாறையை நொறுக்கின. 2018 ஜூனில் மூடி, பவளத்தை நட்டு வளர்த்து, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூடிக்கிடந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. இப்போது படகு வளைகுடாவுக்குள் நுழையக் கூடாது, நீச்சலும் கிடையாது. காலை நனைத்துக்கொண்டு திரும்பலாம்.

மணல் மேல் நிற்கும் கோயில்

கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காகக் கட்டினான். கோயில் மேற்குப் பார்த்தது. சுற்றிலும் 190 மீட்டர் அகல அகழி. அகழி வெறும் அழகுக்கு என்று நினைத்தால் ஏமாந்தோம். அத்தனை டன் கல்லும் கெட்டித்த மணல் மேல் நிற்கிறது. மணல் ஈரமாக இருக்கும்வரை சுமை தாங்கும், காய்ந்தால் நகரும். அந்த ஈரத்தை அகழியும் நிலத்தடி நீரும் காக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் சியெம் ரீப் நகரத்து ஹோட்டல்கள் அந்த நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சின. அதைச் சரிக்கட்ட, பழைய கெமர் மன்னர்கள் வெட்டிய ஏரி, கால்வாய்களைத் தூர்வாரி உயிர்கொடுத்தார்கள். நம் ஆட்களுக்கும் இங்கே பங்குண்டு: 1986 முதல் 1993 வரை, உள்நாட்டுச் சண்டை ஓயாத நாட்களில், அங்கோர் வாட்டில் சீரமைப்பு வேலை பார்த்தது இந்தியத் தொல்லியல் துறை.

காசு எங்கே போகிறது?

ரோம் நகரின் ட்ரெவி நீரூற்றில் இடது தோளுக்கு மேலாகக் காசு எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவீர்கள் என்பது நம்பிக்கை. அந்தச் சில்லறை ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூரோ சேர்கிறது. வாரத்தில் சில நாட்கள் அள்ளி, ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் அமைப்பிடம் கொடுக்கிறார்கள். நாமே இறங்கி எடுத்தால் போலீஸ் பிடிக்கும். தண்ணீர் வரும் வழி கி.மு. 19-ல் ரோமானியர் போட்ட வாய்க்கால்!

வெனிஸ்: ஒருபக்கம் சாய்ந்த படகு

கொண்டோலா படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சுமார் 24 சென்டிமீட்டர் அகலம். படகோட்டி ஒருவர், துடுப்பு ஒன்று, அதுவும் வலப்பக்கம் மட்டும். சமமாகக் கட்டினால் படகு வட்டமடிக்கும், அதனால் கோணலாகவே கட்டுகிறார்கள்.

ஊர் நிற்பது சேற்றில் அடித்திறக்கிய மரக் கம்பங்களின் மேல். நூற்றாண்டுகளாகியும் மரம் உளுத்து ஒழியாததற்குக் காரணம், சேற்றுக்குள் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. ஆனால் ஊருக்குள் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். 1950-களில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்த பழைய நகரத்தில் 2022-ல் எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடெல்லாம் விடுதியானால் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன வேலை? 2024 ஏப்ரலில் இருந்து, கூட்டமான நாட்களில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வைத்தார்கள். கூட்டம் குறையும் என்று நான் நம்பவில்லை. அத்தனை தூரம் வந்தவர் 5 யூரோவுக்காகவா திரும்பிப் போவார்?

மன்னிப்புக் கேட்கும் கற்கள்

ஆஸ்திரேலியாவின் உலுரு செம்பாறை, அனங்கு பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. 1985 அக்டோபர் 26-ல் அந்த நிலத்தை அரசு அவர்களிடம் ஒப்படைத்தது. ஏற வேண்டாம் என்று பலகை வைத்துக் கேட்டும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சரியாக 34 ஆண்டு கழித்து, 2019-ல் அதே தேதியில் ஏறுவது சட்டப்படி தடையானது. கடைசி நாட்களில் ஏற நின்ற வரிசைதான் மிக நீளமான வரிசை.

இங்கிருந்து நினைவுக்கு ஒரு கல்லையோ ஒரு பிடி மண்ணையோ எடுத்துப்போனவர்கள், பிறகு மனம் உறுத்தி அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். மன்னிப்புக் கடிதமும் கூடவே வரும். வாழ்வில் நடந்த கெட்டதற்கெல்லாம் அந்தக் கல்தான் காரணம் என்று எழுதுவோரும் உண்டு. இத்தாலியின் சார்டீனியா தீவில் உறுத்தலுக்குக் காத்திருப்பதில்லை: கடற்கரை மணலை அள்ளினால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.

மலையை மறைத்த திரை

ஜப்பானின் ஃபூஜி மலை 3,776 மீட்டர். எட்டாவது நிலையத்துக்கு மேலே உச்சி வரை பெரும்பகுதி ஒரு ஷிண்டோ கோயிலின் சொத்து. அதற்காக அரசோடு நடத்திய வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் கோயில் பக்கம் தீர்ப்பளித்தது. பெண்கள் ஏற 1872 வரை தடை இருந்தது. இப்போது உச்சியில், ஏறும் பருவத்தில் மட்டும், தபால் நிலையம் இயங்குகிறது.

மலையடிவாரத்து ஃபூஜிகவாகுச்சிகோ ஊரில் ஒரு சாதாரணக் கடை இருக்கிறது. அதன் கூரைக்கு நேர்மேலே மலை நிற்பது போலத் தெரியும். அந்தப் படம் இணையத்தில் பரவியதும் வெளிநாட்டவர் குவிந்தார்கள். நடுச்சாலையில் நின்றார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் கூரை மேல்கூட ஏறினார்கள். பொறுத்துப் பார்த்த நகராட்சி 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரையைக் கட்டி மலையையே மறைத்துவிட்டது. சில நாட்களுக்குள் அதில் செல்போன் கேமரா நுழையும் அளவில் ஓட்டைகள்! ஆகஸ்ட்டில் புயலுக்குப் பயந்து திரையை இறக்கினார்கள்.

ஏறவே கூடாத மலை

பூட்டானின் கங்கர் புவென்சும் 7,570 மீட்டர். மனிதர் ஏறாத மலைகளில் உலகிலேயே உயரமானது. 1980-களில் சில குழுக்கள் முயன்று தோற்றன. 6,000 மீட்டருக்கு மேல் உள்ள சிகரங்களில் ஏற 1994-ல் தடை வந்தது. 2003-ல் மலையேற்றமே முழுத் தடை. கடவுளர் வாழும் இடத்தை மிதிக்கக் கூடாது என்பது உள்ளூர் நம்பிக்கை.

நாட்டுக்குள் வரத் தடையில்லை, தினக் கட்டணம்தான் உண்டு. வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் என்று 2022-ல் வைத்து, அடுத்த ஆண்டே 100 டாலராகக் குறைத்தார்கள். இந்தியர்களுக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதில் பாதி. விசா தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.